உறங்காத சோறு

நெடுங்கல் தோட்டத்தில் மனிதர்கள் ஆமையைப் போல உறங்கத் தொடங்கி இந்தப் பனியோடு ஒன்பது வருடம் ஆகிறது, முதல் வருடம் ஒருத்தி, இரண்டாம் வருடம் நாற்பது பேர், மூன்றாம் வருடத்திலிருந்து நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயம் முழுக்க, என்று சொன்னால் கீழே சமவெளியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அவர்களுக்கு மார்கழியிலும் வேலை இருக்கிறது, உலையில் போட அரிசி இருக்கிறது, சிரிப்பதற்கு வயிற்றில் தெம்பு இருக்கிறது.

எங்கள் மலையில் மார்கழி பிறந்தால் உறைபனி விழும். விடியும்போது தேயிலைச் செடிகள் உப்புத் தூவிய மாதிரி வெள்ளையாக நிற்கும், வெயில் ஏறியதும் கருகும், கருகிய செடி மாசிவரை துளிர்க்காது, துளிர்க்காத செடிக்கு முன்னால் கூடையோடு நிற்பவளுக்கு யார் சோறு போடுவார்கள். முன்பெல்லாம் பனிக்கால அரிசி என்று ஆளுக்குப் பாதிப்படி கொடுத்து வந்தார்கள். இலங்கையிலிருந்து கப்பலில் ஏற்றி, இந்த மலையில் இறக்கி, இதுதான் உங்கள் சொந்த நாடு என்று சொல்லிவிட்டுப் போன பிறகு எங்களுக்குப் போக்கிடம் ஏது, அந்தப் பாதிப்படியை முழுப்படி என்று நினைத்துக்கொண்டு கஞ்சியாக்கிக் குடித்துத்தான் ஒவ்வொரு பனியையும் தாண்டினோம்.

துரை பங்களாவில் ஓர் ஆமை இருந்தது. வெள்ளைக்காரத் துரையின் மனைவி தன் நாட்டிலிருந்து கொண்டுவந்தது. அவர்கள் மூட்டை கட்டிப் போனபோது அதை விட்டுவிட்டுப் போனார்கள், ஆமைக்குக் கப்பல் சீட்டு யார் எடுப்பார்கள். பிறகு வந்த மேனேஜர்கள் எல்லோரும் நம் நாட்டுக்காரர்கள்தான், நிறம் மாறியதே தவிர எங்கள் வாய்க்கு அவர்களும் துரைதான், ஆமைக்கு நாங்கள் வைத்த பெயர் தொரசாணி. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். பங்களா நன்றாகத்தான் உருப்பட்டது, உருப்படாமல் போனது லயம்தான்.

நான் யோகம்மா. பங்களாவில் பாத்திரம் துலக்கப் போனவள். பழைய பட்லர் வேலையை விட்டுப் போனபோது அந்த ஆமை என் தலையில் விழுந்தது. குளிர் நாட்டு ஆமை என்பதால் பனிக்காலம் முழுக்க அது உறங்கும், அந்த உறக்கத்துக்கு ஆயிரம் சட்டம். ஐப்பசிக் கடைசியில் தீனியைக் குறைத்து, கார்த்திகை பிறந்ததும் அடியோடு நிறுத்திவிட வேண்டும். மூன்று வாரம் வெறும் தண்ணீர்தான், தினம் வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கிவிட்டால் குடிக்கும், குடித்து வயிற்றைக் கழுவிக்கொள்ளும். கழுத்தை நீட்டிக் கெஞ்சுகிற மாதிரி பார்க்கும், பார்த்தாலும் ஒரு கீரைத் தண்டு கொடுக்கக் கூடாது, ஏனென்றால் குளிரில் உடம்பு உறங்கும், சோறு உறங்காது, அது உள்ளே கிடந்து அழுகி, உறங்குகிற உடம்பை உள்ளிருந்தே கொன்றுவிடும். மூக்கு ஒழுகினால், கண் வீங்கியிருந்தால், மெலிந்திருந்தால் அந்த வருடம் உறங்கவே விடக் கூடாது. தேயிலைப் பெட்டியில் காய்ந்த சருகு போட்டு, எலி நுழையாதபடி மேலே கம்பி வலை அடித்து, பனியும் படாமல் அடுப்புச் சூடும் படாமல் ஒரே குளிராக இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும். குளிர் மிஞ்சினால் கண் அவிந்துபோகும், சூடு மிஞ்சினால் அரைத் தூக்கத்தில் தன் கொழுப்பைத் தானே தின்று தீர்க்கும். ஞாயிறுதோறும் எடை பார்க்க வேண்டும், எடை மளமளவென்று இறங்கினாலோ சருகு நனைந்திருந்தாலோ அன்றைக்கே எழுப்ப வேண்டும், பத்து வாரத்துக்கு மேல் ஒரு நாள் கூடாது. ஒரு பிராணியைத் தூங்க வைப்பது பிள்ளை பெறுவதைவிடப் பெரிய பாடு என்று நான் புலம்பாத வருடம் இல்லை.

மூன்றாம் லயத்துக் குப்பாயிதான் முதலில் உறங்கினாள். அந்த வருடம் அவளுக்குப் பாதிப்படியும் வரவில்லை, ஏதோ கையெழுத்து விட்டுப்போனது என்றார்கள். ஒன்பது நாள் வெறும் சுடுதண்ணீர் குடித்துக் கிடந்தாள். பத்தாம் நாள் வெயில் ஏறியும் கதவு திறக்கவில்லை, உடைத்துக்கொண்டு போனால் மூச்சில்லை, உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. பெண்கள் ஒப்பாரி தொடங்கிவிட்டார்கள், ஆண்கள் பாடைக்கு மூங்கில் வெட்டப் போய்விட்டார்கள். கால் விரல்களைச் சேர்த்துக் கட்ட நான் உட்கார்ந்தேன். பாதத்தைத் தொட்டதும் அது மெல்ல, ரொம்ப மெல்ல, உள்ளே இழுத்துக்கொண்டது. உறங்குகிற தொரசாணியின் காலைத் தொட்டால் அதுவும் இப்படித்தான் இழுத்துக்கொள்ளும்.

"அழாதீங்க. சாகல, தூங்குது," என்றேன்.

ஒப்பாரிக்குத் தொண்டையைச் செருமி வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் மூங்கிலை ஓரமாகப் போட்டுவிட்டு, ஒரு பெரிய பெட்டி அடித்து, சருகு நிரப்பி, குப்பாயியை அதில் மடக்கிப் படுக்க வைத்தோம். ஒரு நடவுப் பாட்டைப் பாடி முடிக்கிற நேரத்துக்கு ஒரு மூச்சு விட்டாள். மாசி மகத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது எழுந்து உட்கார்ந்து, கொழுந்து வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தேடினாள்.

இது எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஜனங்கள் எதையும் எப்படி என்று கேட்டுப் பழகவில்லை, கப்பலில் ஏற்றியபோதும் கேட்கவில்லை. எத்தனை நாள் சோறு மிச்சமாச்சு என்றுதான் கேட்டார்கள். அடுத்த பனிக்கு நாற்பது பேர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, எங்களையும் அடுக்கி வைத்துவிடு என்றார்கள். ஆமைச் சட்டத்தை அப்படியே மனிதர்களுக்கு வைத்தேன், மூன்று வாரப் பட்டினியை மட்டும் எட்டு நாளாகக் குறைத்தேன், எங்கள் ஜனங்களுக்கு ஏற்கெனவே பாதி வயிறு காலியாகத்தான் இருந்தது.

ஒரு புது வழக்கம் வந்தால் அதற்கு ஆயிரம் சின்ன வழக்கங்கள் முளைக்க வேண்டாமா, முளைத்தன. உறங்குகிறவரைப் பற்றிப் பேசும்போது ஊருக்குப் போயிருக்கு என்று சொல்லப் பழகினோம். உறங்குகிறவள் பொட்டு வைக்கலாமா என்று மாரியம்மன் கோயில் பூசாரியைக் கேட்டார்கள், வைக்கலாம், பூ மட்டும் வேண்டாம், எலி வரும் என்றார். உறங்கிய வாரங்களை வயதில் சேர்ப்பதா கழிப்பதா என்று இரண்டு நாள் வாதம் நடந்து, பெண்களுக்குக் கழிப்பது, ஆண்களுக்குச் சேர்ப்பது என்று முடிவானது. மாசமாக இருந்து உறங்கியவர்களுக்குப் பன்னிரண்டாம் மாதத்தில் பிள்ளை பிறந்தது, அந்தப் பிள்ளைகள் அழுவதற்கு முன்னால் சுற்றுமுற்றும் பார்த்து யோசித்துவிட்டுத்தான் அழுதன. பள்ளிக்கூட வாத்தியார் வருகைப் பதிவில் பனி என்று ஒரே வார்த்தையாக எழுதிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். புருஷன் பெண்டாட்டி சண்டையோடு படுத்தவர்கள் மாசியில் எழுந்து, விட்ட வார்த்தையிலிருந்தே மறுபடி தொடங்கினார்கள். அரிசியைக் கேட்டு வாங்காமல் ஓய மாட்டேன் என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் முழங்கிய சங்கத் தலைவர், முழங்கிய களைப்பில் ஐந்தாவது பெட்டியில் படுத்துவிட்டார்.

அரிசி எங்கே போனது என்று கேட்கிறீர்களா. கேட்க வேண்டியதுதான். துரை கெட்டவர் இல்லை, குரலை உயர்த்திப் பேசியதில்லை, என்னைக்கூட வாங்க போங்க என்றுதான் சொல்வார். உறங்குகிறவர்களுக்கு அரிசி எதற்கு என்று இரண்டாம் வருடம் நிறுத்தினார், நியாயம்தான் என்றோம். விழித்திருக்கிறவர்களுக்கு அரிசி எதற்கு, அவர்களும் உறங்கலாமே என்று மூன்றாம் வருடம் நிறுத்தினார், அதற்கு என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் குளிர் வந்துவிட்டது. ஸ்டோரின், அதாவது தேயிலை ஆலையின் மேல்மாடி, கொழுந்து வாட்டும் மாடி, பனிக்காலத்தில் காலியாகத்தான் கிடக்கும், அதில் வரிசையாகப் பெட்டி போட்டுக்கொடுத்தார். விறகுக் கொட்டகையைப் பூட்டிச் சாவியை ஆபீசில் வைத்துக்கொண்டார். என் சட்டங்களைத் தட்டச்சு செய்து ஸ்டோர் கதவில் ஒட்டினார், கீழே என் பெயர் இல்லை, தோட்டத்தின் பெயர் இருந்தது. காவலாளி, கம்பவுண்டர், சன்னாசி கங்காணி, நான், நான்கு பேர் மட்டும் விழித்திருக்க வேண்டும், எங்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு அரிசி.

எடை தேறாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவங்க உறவுக்காரங்க பார்த்துக்குவாங்க என்றார். உறவுக்காரர்கள் எல்லோரும் உறங்கும்போது எந்த உறவுக்காரர் பார்ப்பார் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என் பங்கு அரிசியும் போயிருக்கும்.

இனி என் தங்கைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வந்ததே அவளிடம் வர மனசில்லாமல்தான்.

அவள் பெயர் தங்கேஸ்வரி, தங்கம் என்போம். அவள் புருஷன் லோகநாதன், கவாத்து வெட்டுகிறவன், தேயிலைச் செடியைவிட அவளைப் பக்குவமாகப் பார்த்துக்கொண்டவன். இரண்டு வருடம் சரியாக உறங்கி எழுந்தாள். ஐந்தாம் பனிக்கு முந்திய ஆவணியில் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்து, காமாலை போனாலும் போன சதை திரும்பி வரவில்லை. பெண்களுக்கு முப்பத்தெட்டு கிலோ என்று நான் கோடு போட்டிருந்தேன். பட்டினி தொடங்குகிற அன்றைக்கு அவள் முப்பத்தாறு இருந்தாள்.

இந்த வருஷம் நீ உறங்க வேண்டாம், என் வீட்டில் இரு, என் பங்கை இரண்டு பேரும் குடிப்போம் என்று சொன்னேன். அக்கா அந்த ஒரு பங்கே உனக்குப் பத்தாதே என்றாள். பத்தும் பத்தும் என்றேன். சொன்ன அன்றைக்கே ராத்திரி படுத்துக்கொண்டு பத்து வாரத்தைப் பாதிப் பங்கால் வகுத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன பனியில் ஒரு முழுப் பங்கிலேயே எனக்கு நடந்தால் கண் இருட்டியது.

எங்கள் ஜனங்களுக்கும் தராசுக்கும் இருக்கிற பகை உங்களுக்குத் தெரியாது. நாங்கள் பறிக்கிற கொழுந்தைச் சாக்கோடு தராசில் மாட்டுவார்கள், முள் நிற்பதற்குள் சாக்குக்கு ரெண்டு கழி, ஈரத்துக்கு ஒண்ணு கழி என்று கங்காணி கத்துவார். அவர் கழிப்பார் என்று தெரிந்து நாங்கள் கொழுந்தின் அடியில் தண்ணீர் தெளிப்போம், முற்றின இலையைத் திணிப்போம், அவசரத்துக்கு ஒரு கல்லும் போடுவோம். ஒருத்தி போட்ட கல்லைப் பார்த்த இன்னொருத்தி செத்தாலும் வாய் திறக்க மாட்டாள், தராசுக்கு முன்னால் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது எங்கள் லயத்தின் முதல் சட்டம், மாரியம்மன் சத்தியத்தைக்கூட அதற்குப் பிறகுதான் வைப்போம்.

அதே தராசில்தான் மனிதர்களையும் எடை பார்த்தேன். அதே கொழுந்துச் சாக்கைத் தொட்டிலாகக் கட்டி, அதில் உட்கார வைத்துத் தூக்குவோம். சன்னாசி கங்காணிக்கு முப்பது வருடப் பழக்கம், மனிதன் தொங்கினாலும் அவர் வாய் தானாகச் சாக்குக்கு ரெண்டு கழி என்று கத்தும். கழிக்காதீங்க, இது அவங்க உசுருக்குப் பார்க்கிற எடை என்று நான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. தராசு எங்கள் பக்கம் பேசும் என்று எந்த லயத்தில் எந்தப் பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தார்கள்.

எட்டு நாள் பட்டினி முடிந்த காலையில் ஸ்டோர் வாசலில் வரிசை நின்றது. தங்கமும் நின்றாள். உன்னை வர வேண்டாம் என்றேனே என்று கண்ணால் கேட்டேன், அவள் வேறு பக்கம் பார்த்தாள். அவளோடு ஒரே நிரையில் கொழுந்து பறிக்கிற மூன்று பெண்கள் அவளுக்கு முன்னும் பின்னும் ஒட்டி நின்றார்கள். சாக்கில் ஏறி உட்கார்ந்தாள். முள் முப்பத்தொன்பதில் நின்றது.

சாக்குக்கு ரெண்டு கழி என்றார் சன்னாசி.

எட்டு நாள் பச்சைத் தண்ணீர் குடித்துக் கிடந்தவள் மூன்று கிலோ கூடியிருக்கிறாள். கல் கட்டியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், புடவை மடிப்பில் இரண்டு கல், அவ்வளவுதான், கல் உடம்புக்குள் போகாதே. ஆனால் சாக்கு இறுக்கியதில் அவள் வயிறு பானை மாதிரி உருண்டு தெரிந்தது. எனக்குத் தெரிந்தது. இறங்கச் சொல்லி, வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்து, தலைமயிரைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போயிருக்க வேண்டும், ஆமைக்கென்றால் செய்திருப்பேன். அந்த மூன்று பெண்களும் என் முகத்தையே பார்த்தார்கள், காட்டிக்கொடுப்பாளா என்று பார்த்தார்கள். நான் முள்ளைப் பார்த்தேன். முழுப் பங்கு அரிசியை நினைத்தேன். அடுத்த ஆள் என்றேன்.

தங்கம் பதினாறாம் பெட்டியில் படுத்தாள், லோகன் பதினேழில். படுக்கும்போது அவன் வலைக்குள் கையை நுழைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான், உறக்கம் பிடித்ததும் கை தானாக நழுவியது. மூன்று நாளில் மாடி முழுக்க அமைதியானது. முந்நூறு பேர் உறங்குகிற இடத்தில் ஒரு நொடிக்கு ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும், அது யாருடையது என்று தெரியாது.

அந்த வருடம் தொரசாணி மட்டும் உறங்கவில்லை. துரையின் மகள் ஊட்டிக்குப் போய்க் கால்நடை டாக்டரிடம் ஆமையைக் காட்டினாள், வளர்ப்பு ஆமையைப் பனி உறக்கத்தில் போடுவதில் ஆபத்து அதிகம், சரியான சூட்டில் வைத்துத் தீனி கொடுத்தால் உறங்காமலே இருக்கும், அதுதான் பத்திரம் என்று அவர் சொன்னாராம். பங்களாவின் கண்ணாடி அறையில் ஒரு மின்சாரச் சூட்டு விளக்கைத் தொங்கவிட்டு, அதன் கீழே தொரசாணிக்கு வெள்ளரித் துண்டும் முட்டைக்கோசும் போட்டார்கள். ஆபத்தாம், தெரியுமா யோகம்மா, இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே என்று துரை என்னிடம் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். நான் வெள்ளரித் தோலை அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன், வழியில் தின்றேன்.

முதல் ஞாயிறு தங்கத்தின் எடை இறங்கவில்லை. இரண்டாம் ஞாயிறும் இறங்கவில்லை, எல்லோருக்கும் கொஞ்சமாவது இறங்கியது, அவள் வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்தது. மூன்றாம் ஞாயிறு வலையைத் தூக்கியதும் நாற்றம் அடித்தது. அழுகின உருளைக்கிழங்கு நாற்றம், இந்த மலையில் பிறந்த யாருக்கும் அது தெரியும்.

உறங்குகிறவரைத் திடீரென்று எழுப்ப முடியாது, ஒரு பகல் ஒரு இரவு விடாமல் சூடு ஏற்ற வேண்டும். என் வீட்டு அடுப்பில் ஒரு கை ஈரச் சுள்ளிதான் இருந்தது. ஆபீசுக்கு ஓடி, ஸ்டோரின் உலர்த்துகிற அடுப்பை மூட்ட வேண்டும், விறகுச் சாவியைக் கொடுங்கள் என்று துரையிடம் கேட்டேன். அவர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். "யோசிச்சுப் பாருங்க யோகம்மா. அடுப்பை மூட்டுனா மாடி முழுக்கச் சூடாகும். முந்நூறு பேரும் அரைத் தூக்கத்துல முழிப்பாங்க. சூடு மிஞ்சினா அவங்க கொழுப்பை அவங்களே தின்னுடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். நான்தான் சொன்னேன். கதவில் ஒட்டியிருந்தது. கொட்டகையைத் தனியாக ஒருவருக்குத் திறந்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்றும் சொன்னார், கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் உறங்குகிறார்கள் என்பதை மறந்துவிட்டார் போலும்.

காவலாளியைக் கூட்டிவந்து தங்கத்தைச் சாக்கோடு தூக்கி என் வீட்டில் கிடத்தினேன். பிறகு பட்டப்பகலில் பங்களாவுக்குப் போனேன், எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள், கண்ணாடி அறையில் அந்தச் சூட்டு விளக்கைக் கழற்றினேன். துரையின் மகள் கைகழுவ வந்தவள் பார்த்துவிட்டாள். "ஆமைக்குக் குளிருமே," என்றாள், கோபமாக இல்லை, நிஜமாகவே கவலைப்பட்டாள். ஆமா பாப்பா, குளிரும் என்றேன், விளக்கைப் புடவைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். தொரசாணியின் வயிற்றிலும் தீனி இருந்தது என்று எனக்குத் தெரியும். பயப்படாதீர்கள், அதற்கு ஒன்றும் ஆகவில்லை, வெயில் தாழ்வதற்குள் ஜீப்பில் ஊட்டிக்கு ஆள் அனுப்பி வேறு விளக்கு வாங்கி வந்துவிட்டார்கள்.

விளக்கைத் தங்கத்தின் மேல் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் உச்சிப் பொழுதில் கண் திறந்தாள். முதலில் என்னைத் தெரியவில்லை, பிறகு தெரிந்தது.

"வயிறு கனக்குதுக்கா," என்றாள்.

என்னடி தின்னே என்றேன்.

"கிழங்கு. வயக்காட்டுல விட்டுப்போன சின்னக் கிழங்கு. ரெண்டு சொம்புத் தண்ணி." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "உன் பங்குல பாதிய நான் தின்னா நீ எந்திரிச்சு நடக்க மாட்டே. போன வருஷமே சுவத்தைப் புடிச்சுத்தான் நடந்தே, சன்னாசி மாமா சொல்லுச்சு."

யார் அவித்துக் கொடுத்தது என்று கேட்டேன். அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். தராசு அங்கே இல்லை, கங்காணி இல்லை, நானும் அவளும் ஒரு விளக்கும்தான், இருந்தும் அவள் சொல்லவில்லை. கம்பவுண்டர் வந்து ஓர் ஊசி போட்டார், போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை மூடினார். வெயில் சாய்வதற்கு முன்னால் போய்விட்டாள். முதல் தடவை உறங்கிய குப்பாயியை நினைத்துக்கொண்டு நான் அவள் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், அது இழுத்துக்கொள்ளவில்லை.

பாடை தூக்க நான்கு பேர் வேண்டும், தோட்டத்தில் விழித்திருந்ததே நான்கு பேர்தான், அதில் நானும் ஒருத்தி. பெண் தோள் கொடுக்கலாமா என்று கேட்கப் பூசாரியும் இல்லை, அவரும் ஊருக்குப் போயிருந்தார். தரை பனியில் இறுகிக் கிடந்தது, சன்னாசி கங்காணி கடப்பாரையால் குத்திக் குத்தி அழுதார், முப்பது வருடம் கழித்த கிலோவையெல்லாம் அன்றைக்கு அழுதார். ஒப்பாரி வைக்க யாரும் இல்லை, நானே வைத்தேன், ஒருத்தி வைத்தால் ஒப்பாரி பாட்டு மாதிரி கேட்கிறது.

அதற்குப் பிறகு ஏழு வாரம் இருந்தது. முழுப் பங்கு அரிசியை முழுதாகச் சமைத்து முழுதாகத் தின்றேன். நடந்தால் கண் இருட்டவில்லை.

மாசி பிறந்து ஸ்டோரின் ஜன்னல்களைத் திறந்து வெயிலை உள்ளே விட்டோம். ஒவ்வொருவராகக் கண் திறந்தார்கள், விரல் அசைத்தார்கள், வெதுவெதுப்பான தண்ணீருக்குக் கை நீட்டினார்கள். அந்த மூன்று பெண்களும் எழுந்ததும் பதினாறாம் பெட்டியைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்காமல் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். லோகன் நான்காம் நாள் எழுந்தான். முதுகில் கை கொடுத்து உட்கார வைத்து டம்ளரை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. பக்கத்துப் பெட்டியில் சருகுகூட இல்லாமல் நான் துடைத்து வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இந்த நேரத்துக்காக ஏழு வாரம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். முள்ளைப் பார்த்தேன் தம்பி, வயிற்றையும் பார்த்தேன், தெரிந்தேதான் விட்டேன், அரிசிக்கு ஆசைப்பட்டு விட்டேன் என்று சொல்ல வேண்டும், அவன் அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், காறித் துப்பினால் துடைக்காமல் நிற்க வேண்டும் என்று.

அவன் முந்திக்கொண்டான்.

"நான்தான்க்கா அவிச்சுக் குடுத்தேன்," என்றான். உறங்கி எழுந்த குரல், பாதி காற்றாக வந்தது. "பயமா இருக்குன்னா. அக்கா சோத்துல நாம பங்கு புடுங்கக் கூடாது, ஒண்ணும் ஆகாது, தின்னுன்னு நான்தான் ஊட்டி விட்டேன்." பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதான், பத்து வாரம் தண்ணீர் காணாத உடம்பு, கண்ணீர் வரவில்லை. "உங்களுக்குத் தெரியாமப் பண்ணிட்டோம்க்கா. தெரிஞ்சிருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க."

நான் வாயைத் திறந்தேன்.

"தண்ணியக் குடி தம்பி," என்றேன்.

குடித்தான். இன்னொரு டம்ளர் ஊற்றினேன், அதையும் குடித்தான்.

அதோடு நான்கு பனி போய்விட்டது. கதவில் ஒட்டியிருக்கிற காகிதத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது, உறங்கப் போகிறவர்களை எடைக்கு முந்தைய நாள் தனியறையில் பூட்ட வேண்டும் என்று. லோகன் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை, உருளைக்கிழங்கைக் கண்டால் எழுந்து போய்விடுவான். கவாத்து வெட்டின குச்சிகளைக் கட்டி என் வீட்டில் கொண்டுவந்து போடுவான், நான் வேண்டாம் என்றால் கேட்க மாட்டான். யோகம்மாக்கா கைக்குத் தராசு பொய் சொல்லாது, நான்தான் பாவி, அந்தத் தெய்வத்தை ஏமாத்திட்டேன் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவன் விறகை இறக்கி வைத்துவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிடுகிறான்.

இந்த வருடமும் பதினேழாம் பெட்டியில்தான் படுத்திருக்கிறான். இன்று ஞாயிறு, இப்போதுதான் எடை பார்த்துவிட்டு வந்தேன், கால் கிலோ இறங்கியிருக்கிறது, அது சரியான இறக்கம்தான். மாசிவரை அவன் காதில் எதுவும் விழாது, லயத்தில் கேட்பதற்கு வேறு ஆளும் இல்லை. அதனால்தான் இவ்வளவையும் சொன்னேன்.